இருநூற்றுப் பதினேழாம் நாடா

கோவிந்தசாலையில் எனக்கு மைக்செட் கடை.
கல்யாணம், காதுகுத்து, மாதா கோயில் தேர்.
ஆப்பிரிக்கா பற்றி எனக்குத் தெரிந்தது
பென்ஷன் நாளில் பழைய சொல்தாக்கள்
வரிசையில் நின்று பேசிக்கொண்டது மட்டும்:
டக்காரில் மீன் நல்லாயிருக்கும், கொசு ஜாஸ்தி.

ஒதில் சவரிநாதன் இறந்து பதினோரு மாதம் கழித்து
தம்பி மகள் வந்தாள், சாவியோடு.
குருசுக்குப்பம் வீட்டின் பின்னறையில்
நானூற்றுப் பன்னிரண்டு நாடாக்கள்.
கடற்காற்று அவற்றோடு குடித்தனம் நடத்தியிருந்தது.
சில டப்பா திறந்தால் காடி வாசம்.
சிலது கம்மர்கட்டாய் விரலில் ஒட்டியது.

ஒட்டுவதை வேகவைக்க வேண்டும். விளையாட்டில்லை.
ஐம்பத்துநாலு டிகிரி, எட்டு மணி நேரம்.
லசார் அண்ணன் ரொட்டிக்கடை அடுப்பு
மதியத்துக்கு மேல் அந்தச் சூட்டுக்கு இறங்கும்.
பன் எடுத்த தட்டில் நான்கு நான்காய் அடுக்கினேன்
ஜிகின்ஷோரை, பமாக்கோவை,
ஏதோ ஒரு ஊரின் மழை இரவை.
"உப்பு போடட்டா?" என்றார் லசார்.

ஓடவிட்டதும் முதலில் கேட்டது இசையில்லை.
அவர் தொண்டையைச் செருமுவது.
தேதி, ஊர், வாசிப்பவர் பெயர், அவர் தாய் பெயர்.
ஒரு கோழி.
அப்புறம்தான் கோரா:
அரைச் சுரைக்குடுக்கை, இருபத்தோரு நரம்பு,
மழை நின்ற பிறகும் கூரை ஒழுகி
வேறுவேறு பாத்திரத்தில் சொட்டுகிற மாதிரி.

எழுபத்தொன்றில் அவசரக் குரல் அவருக்கு.
பதில் முடியுமுன் அடுத்த கேள்வி.
எழுபத்தாறில் காய்ச்சல்; பற்கள் தந்தியடிப்பதும் பதிவில் இருக்கிறது.
ஒரு நாடாவில் பேட்டரி இறங்க இறங்க
கிழவர் குரல் ஏறி ஏறிச் சிறுமியாகிறது.
எண்பதுக்குப் பிறகு
நாலு நிமிஷம் சும்மா இருக்கத் தெரிந்துவிட்டது.
பேராசிரியர் பதவி, பட்டம் எல்லாம்
சட்டம் போட்டுக் கூடத்தில் தொங்குகின்றன.
எனக்கு அந்த நாலு நிமிஷம் போதும்.

இருநூற்றுப் பதினேழு. எண்பத்து மூன்று, பிப்ரவரி.
நெல் குத்தும் பெண்கள்.
சீரா மானே என்பவள் உலக்கையை நிறுத்திக் கேட்கிறாள்,
தம்பி மகள்தான் பிரெஞ்சிலிருந்து சொன்னாள்:
"பன்னிரண்டு பாட்டு எடுத்துக்கிட்ட. ஒண்ணு வை."

ஒன்பது நொடி. அளந்தேன்.

பிறகு, தமிழில், மூன்றாம் வகுப்பு ராகத்தில்,
ஓரெண்டு ரெண்டு, ஈரெண்டு நாலு.
வேறெதுவும் வாய்க்கு வரவில்லை போல.
கை தட்டினார்கள். உலக்கை சேர்ந்துகொண்டது.
ஆறிரண்டு பன்னெண்டு,
ஏழிரண்டும் பன்னெண்டு என்றுவிட்டார்.
அங்கே திருத்த யாருமில்லை.
உலக்கை விழுந்தது, சரியான இடத்தில்.

முந்நூற்று நாற்பது. பதினோரு வருஷம் தள்ளி.
அதே ஊர், வேறு பெண்கள்.
ஈரெந்து நாலோ, மூரெந்து ஆரோ.
ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிட்டு
டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தும்
ஏரெந்து பன்னெந்தோ. அந்தத் தப்பு அப்படியே,
கழுத்தில் மச்சம் போல.

"எங்கே கற்றீர்கள்?" ஒதில் கேட்கிறார்.
"எங்க ஊர்ப் பாட்டு. ரொம்பப் பழசு."
நாலு நிமிஷம் இல்லை, அதைவிடக் கொஞ்சம் குறைவு.
பிறகு செருமல்.
பிறகு, "அடுத்தது?"

அவர் கையெழுத்து அட்டையில்
ஆறு பெண்கள் பெயரும் தாய்மார் பெயரும்.
மொழி என்ற கட்டத்தில் ஒரு கோடு.
மூலம்: இவ்வூர்.

புதன்கிழமை ஹார்ட் டிஸ்க் ஜிகின்ஷோர் போகிறது.
அட்டையைப் பார்த்துத் தட்டச்சு செய்தேன்.
மூலம் கட்டத்தில் கொஞ்ச நேரம்
கர்சர் துடித்துக்கொண்டிருந்தது.
இவ்வூர் என்றே அடித்தேன்.
எந்த ஊர் என்று கேட்டால் கேட்கட்டும்.

நேற்று தேருக்கு மைக் டெஸ்ட்.
ஒண்ணு, ரெண்டு என்று ஆரம்பித்தவன்
எப்படியோ ஏழிரண்டு பன்னெண்டில் வந்து நின்றேன்,
நாலு கூம்பு ஸ்பீக்கரிலும்.
கரும்பு ஜூஸ்காரர் மட்டும் நிமிர்ந்து பார்த்தார்.
சத்தம் சரியா இருக்கு என்று கை காட்டினார்.